மாடிப்படிக்குக் கீழே சார்ஜ் ஏறும் வண்டி

தாயி,

நீ ஏறிப்போன ரயில் இந்நேரம் கரூரைத் தாண்டியிருக்கும். ஸ்டேஷனிலிருந்து வந்தவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் பேசினால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று சுருக்கமாக முடித்துவிடுவாய். நானும் கடைசியில் சாப்பிட்டாயா, தண்ணீர் பாட்டில் எடுத்துக்கொண்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். பிளாட்பாரத்திலும் அதைத்தான் செய்தேன். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். நான் உன் பெட்டியில் அவசர வழி ஜன்னல் எது என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தேன். நேற்று மத்தியானம் நீ கேட்டதையும், அதற்கு நான் சொன்ன பதிலையும் பற்றி இரண்டு பேருமே ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பதிலைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

உன் அப்பன் பயந்தாங்கொள்ளி என்பது உனக்குப் புதிதல்ல. வேலைக்காலம் முழுவதும் தீயணைப்பு வண்டியில் மணியடித்துக்கொண்டு போனவனை ஊர் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருக்கிறது. உள்ளதைச் சொன்னால், அந்த வேலையில் தைரியம் வளரவில்லை, பயம்தான் வளர்ந்தது. எது எப்படி எரியும் என்று தெரிந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் அது எரிவதுபோலத்தான் தெரியும். சொந்தக்காரர் கல்யாணத்தில் எல்லோரும் பந்திக்கு முந்துவார்கள். நான் சமையல்கட்டுக்குப் போய் சிலிண்டர் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருவேன். "அப்பாவுக்கு எலையப் பின்வாசல்ல போட்டுருங்க" என்று நீயும் உன் அம்மாவும் சிரிப்பீர்கள். உன் கல்யாணத்துக்குப் பேசி வைத்திருக்கும் மண்டபத்தைப் போன வாரம் பார்த்துவிட்டு வந்தபோது, ஒட்டன்சத்திரத்திலிருந்து உன் மாமனார் பேசினார். "ஏனுங்க சம்பந்தி, மண்டபம் புடிச்சிருக்குதுங்களா?" என்று கேட்டார். பின்வாசலை மறித்துப் பிளாஸ்டிக் சேர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள் என்றேன். மனிதர் அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. "நீங்க பொண்ணு குடுக்கறீங்களா, மண்டபத்துக்கு லைசென்ஸ் குடுக்கறீங்களாங்க?" என்றார். நானும் சிரித்தேன். சேர்களை நகர்த்தச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவனுக்கு மகளாகப் பிறந்து நீ பேட்டரி வேலைக்குப் போனாய். பேட்டரி என்றதும் நான் பயந்தது உனக்கு நினைவிருக்கும். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, நம் ஊரிலேயே ஒரு சந்துக்குள், மாடி வீட்டுப் படிக்குக் கீழே சார்ஜில் நின்ற பேட்டரி வண்டி ஒன்று பற்றிக்கொண்டது. மேலே ஒரு குடும்பம் இருந்தது. இறங்குவதற்கு இருந்த ஒரே வழி அந்தப் படி. புகை நேராக மேலே ஏறுகிறது, எங்கள் வண்டி சந்துக்குள் திரும்ப மாட்டேன் என்கிறது. பக்கத்து மொட்டைமாடி வழியாக ஏணி போட்டு அவர்களை இறக்கினோம். எல்லோரும் பிழைத்தார்கள். ஆனால் அந்த வீட்டம்மாள் தரைக்கு வந்த பிறகும் என் தோளைப் பிடித்த பிடியை விடவில்லை. அணைத்த வண்டி, திரும்பத் திரும்பப் புகைந்துகொண்டே இருந்தது. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னபோது, விடுமுறைக்கு வந்திருந்த நீ கூடவே உட்கார்ந்து கேட்டாய். வேலைக்குச் சேர்ந்த பிறகு ஒருநாள் நீதான் போன் செய்தாய். "நாங்க பண்ற பேட்டரில அந்த எரியுற திரவமே கெடையாதுப்பா. உள்ள எல்லாமே கெட்டிதான். நீங்க நிம்மதியாத் தூங்கலாம்" என்றாய். நானும் நம்பித் தூங்கினேன்.

அதற்குப் பிறகு உன் வேலையைப் பற்றி நான் அடித்துக்கொண்ட பெருமை இருக்கிறதே, தெருவில் கேட்டுப் பார். பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள், பாப்பா என்ன வேலை பார்க்குது என்று கேட்டார். "பேட்டரிக்குள்ள ஒரு பக்கம் லித்தியம்னு ஒரு உலோகம், இன்னொரு பக்கம் பீங்கான் மாதிரி ஒண்ணு. ரெண்டும் தொடுற எடத்துல என்ன நடக்குதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுப் பாக்குறா" என்றேன். "ஏன், பேட்டரியப் பிரிச்சுப் பாத்தாத் தெரியாதா?" என்றார். "பிரிச்சா அந்தத் தொடுற எடமே இருக்காதுங்க" என்றேன். நீ எனக்குச் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அதில் எனக்குப் பரம திருப்தி. திரவம் என்றால் தானே ஓடிப்போய் எல்லா மூலையையும் தொட்டுக்கொள்ளும், இரண்டு கெட்டிப் பொருள் அப்படித் தொடாது, அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று நீ விளக்கியதுகூட எனக்குப் புரிந்திருந்தது. வண்டி ஓடும்போது லித்தியம் கொஞ்சம் கொஞ்சமாக அந்த இடத்தைவிட்டுக் கிளம்பும். கிளம்பிய இடத்தைப் பின்னால் இருப்பது வந்து நிரப்ப வேண்டும். நிரப்பாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்கள் விழும். பிறகு சார்ஜ் போடும்போது, மிச்சம் தொட்டுக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டு இடங்களில் மொத்த மின்சாரமும் முண்டியடித்துப் போகும். அங்கிருந்து லித்தியம் ஊசி ஊசியாக வளர்ந்து, பீங்கானைக் கீறிக்கொண்டு மறுபக்கம் போய்த் தொட்டால் ஷார்ட் சர்க்யூட், அப்புறம் தீயும் பிடிக்கலாம். பள்ளம் விழுமா விழாதா என்று பார்ப்பதுதான் உன் வேலை. விழாது என்று நீ சொன்னதாகவும், கம்பெனியில் எல்லோரும் உன்னைப் பாராட்டியதாகவும் சொன்ன அன்றைக்கு உன் அம்மா கேசரி கிண்டினாள்.

நேற்று உன் அம்மா, சொந்தக்காரப் பெண்களுக்குச் சுங்குடிச் சேலை எடுக்கச் சின்னாளப்பட்டிக்குப் போயிருந்தாள். நீ காலையிலிருந்து லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, அதைத் தொடாமலேயே நடந்துகொண்டிருந்தாய். சாப்பிட்டு முடித்ததும், "அப்பா, செத்த நேரம் ஒக்காருங்களேன்" என்றாய்.

"என்ன தாயி?"

"என் கணக்குல தப்பு இருக்குப்பா."

திருத்திக்கொண்டால் போச்சு என்றேன். எனக்கு அது பள்ளிக்கூடத்துக் கணக்கு மாதிரி பட்டது. நீ சிரிக்கவில்லை.

"அணுவுக்கும் அணுவுக்கும் நடுவுல இருக்குற இழுப்பச் சரியாக் கணக்குப் போட்டா ரொம்ப நாளாகும்பா. அதனால கொஞ்ச எடத்துக்கு மட்டும் சரியாப் போட்டு, அதக் காட்டிக் காட்டிக் கம்ப்யூட்டர பழக்கிருவோம். அப்புறம் பெரிய எடத்துக்கு அதுவே வேகமாப் போட்டுக் குடுக்கும். நான் பழக்குனது எல்லாமே நல்லா அழுத்தமாத் தொட்டுக்கிட்டு இருக்குற எடம். பள்ளம் விழுந்த எடத்த ஒண்ணுகூட அதுக்குக் காட்டல."

"அதனால என்ன?"

"பள்ளம்னா என்னன்னே அதுக்குத் தெரியாது. விழப்போனாலே இழுத்து மூடிருது. முந்தாநாள் நானே வேணும்னு ஒரு பள்ளத்த வெட்டி விட்டுப் பாத்தேன். கண்ணு மூடித் தெறக்குறதுக்குள்ள மூடிக்கிருச்சு. அந்த எடத்த மட்டும் சரியான கணக்குல, மெதுவாப் போட்டுப் பாத்தேன். ரெண்டும் ஒத்து வரலப்பா."

பிறகு மீதியைச் சொன்னாய். பள்ளம் விழாது என்று நீ சொன்னதை நம்பித்தான், உள்ளே அழுத்திப் பிடிக்கும் தகட்டை லேசாக்கியிருக்கிறார்கள். அந்தப் பேட்டரியைப் போட்ட வண்டிகளை உங்கள் கம்பெனி ஆட்களே ஓட்டிப் பார்க்கிறார்கள், வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் போடுகிறார்கள். "எரியும்னு நான் சொல்லலப்பா. ஒண்ணும் ஆகாமலும் போகலாம். எனக்குத் தெரியல, அம்புட்டுத்தான். ஆனா தெரியும்னு எழுதிக் குடுத்துட்டேனே" என்றாய். சோதனை பார்க்கும் ஒருவர் இருக்கிறார், அவருக்கு இரண்டு சின்னக் குழந்தைகள், வீடு இரண்டாவது மாடி, வண்டியை மாடிப்படிக்குக் கீழேதான் சார்ஜ் போடுவார் என்றாய். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாய். அப்புறம் கேட்டாய்: "நானாப் போயிச் சொல்லவாப்பா?"

மாடிப்படி என்ற வார்த்தை என் காதில் நன்றாக விழுந்தது, தாயி. விழாத மாதிரி இருந்துகொண்டேன். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எவன் வீட்டுப் படிக்குக் கீழே வண்டி நின்றாலும் கதவைத் தட்டிச் சண்டை பிடிக்கிறவன் நான். அந்த நான் உன்னிடம் சொன்னது இது: "கல்யாணம் முடியட்டும்மா. யாராச்சும் கேட்டா அப்பச் சொல்லிக்கலாம். நீயாப் போயி ஏன் தலையக் குடுக்குற?" நீ டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய். பிறகு உன் அம்மா வந்தாள், சேலைகளைக் கட்டில் முழுக்கப் பரப்பினாள், நீ அத்தைக்கு மாம்பழ மஞ்சளும் சித்திக்கு வெங்காயச் சருகு நிறமும் எடுத்து வைத்தாய். உன் கை நிதானமாகத்தான் இருந்தது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று உனக்குத் தெரிய வேண்டும். நியாயம் பேசுவதற்காகச் சொல்லவில்லை. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் பஞ்சுக் குடோன் பற்றியபோது நாங்கள் போயிருந்தோம். பஞ்சுப் பொதி எரிவதை நீ பார்த்ததில்லை. மேலே தண்ணீரை அடித்தால் உடனே அடங்கிவிடும், தொட்டால் சில்லென்று இருக்கும், உள்ளே கனன்றுகொண்டிருக்கும். எந்தப் பொதிக்குள் நெருப்பு இருக்கிறது என்று தெரியாமல் நாங்கள் திணறிக்கொண்டிருந்தபோது, சைக்கிளில் வேலைக்கு வரும் ஒரு தொழிலாளி முன்னால் வந்தார். பஞ்சு பிரிக்கும் மெஷினில் பொறி ஒன்று பறந்து பொதிகளுக்குள் விழுந்ததைப் பார்த்ததாகவும், ஒன்றும் ஆகாது என்று நினைத்துச் சொல்லாமல் விட்டதாகவும் எங்கள் அதிகாரியிடம் சொன்னார். எந்த வரிசை என்றும் காட்டினார். அந்த வரிசையில் இரும்புப் பட்டையை வெட்டிப் பிரித்தபோது உள்ளே செக்கச்செவேல் என்று இருந்தது. பிறகு வந்த விசாரணையில் அத்தனை பழியும் அவர் தலையில் விழுந்தது. மெஷினைப் பராமரிக்காதவர்கள், குடோனில் பொதியை நெருக்கி அடுக்கச் சொன்னவர்கள் எல்லோரும் ஒதுங்கி நின்றுகொண்டார்கள். கொஞ்ச நாளில் மில்லில் அவரைக் காணோம். வாயைத் திறந்தவன்தான் மாட்டுவான் என்று நான் அன்றைக்கு மனதில் எழுதிக்கொண்டேன். நேற்று நீ கேட்டதும் எனக்கு அந்த மனிதரின் முகம்தான் வந்தது. அந்த இடத்தில் உன்னை நிறுத்திப் பார்க்க என்னால் முடியவில்லை.

ராத்திரி படுத்தவனுக்குக் கதையின் மற்ற பாதி அப்போதுதான் உறைத்தது. அவர் வரிசையைக் காட்டியதால்தான் பக்கத்துக் குடோன் தப்பியது. அதற்குள் ஆட்கள் இருந்தார்கள். இத்தனை வருடமும் அவருக்கு என்ன ஆனது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, அவர் என்ன செய்தார் என்பதைத் தொலைத்துவிட்டேன். பயத்துக்கு அப்படியொரு குணம் இருக்கிறது. தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

அதனால் இப்போது சொல்கிறேன். பெங்களூரில் இறங்கியதும் சொல்லிவிடு. கல்யாணத்துக்குப் பிறகு வேண்டாம், இன்றைக்கே. யார் மேலும் பழி போடாதே, உன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் வார்த்தை தேடாதே. எனக்குச் சொன்ன மாதிரியே சொல். பள்ளத்தைக் காட்டாமல் பழக்கிவிட்டேன், அதனால் எனக்குத் தெரியாது என்று சொல். எங்கள் வேலையில், உள்ளே ஆள் இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது என்று சொல்கிறவனை நாங்கள் நம்புவோம். யாரும் இல்லை என்று உறுதியாகச் சொல்கிறவன்தான் எங்களைப் பயமுறுத்துவான். மாப்பிள்ளை வீட்டில் நான் பேசிக்கொள்கிறேன். ஒட்டன்சத்திரத்துக்காரர் சிரிக்கத் தெரிந்த மனிதர், அவருக்குப் புரியும். புரியாவிட்டால் அதையும் பார்த்துக்கொள்ளலாம். பயந்துகொண்டேதான் இதையும் எழுதுகிறேன்.

இதுவரை எழுதிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அப்போதுதான் நீ கூப்பிட்டாய். ரயில் சத்தத்தில் உன் குரல் விட்டுவிட்டு வந்தது.

"அப்பா, வீட்டுக்குப் போயிட்டீங்களா?"

"வந்துட்டேன் தாயி. நேத்து நான் சொன்னத நீ..."

"அப்பா, அத விடுங்க. நான் ஒண்ணு சொல்லணும். நேத்துக் காலைலயே கம்பெனிக்கு எல்லாத்தையும் எழுதி மெயில் அனுப்பிட்டேன்பா. இப்பத்தான் பதில் வந்துச்சு. எல்லா வண்டியையும் நிறுத்தச் சொல்லிட்டாங்க."

மீதியையும் நீயே சொன்னாய். மாடிப்படிக்குக் கீழே சார்ஜ் போடும் அந்தச் சோதனைக்காரர் வண்டியைச் சார்ஜிலிருந்து கழற்றி, வெட்டவெளியில் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்திவிட்டாராம். பள்ளிக்கூடத்துக்கு எதில் போவது என்று அவர் குழந்தைகள் உன் மேல் கோபமாக இருக்கிறார்களாம். நாளைக்கு உன்னை வரச்சொல்லியிருக்கிறார்கள். அங்கே இரண்டு பேர் உன் மேல் கடுப்பில் இருக்கிறார்களாம்.

"வேலைய விட்டு எடுத்துருவாங்களா?" என்று கேட்டேன். அப்போதும் அதைத்தான் கேட்டேன், பார்.

"தெரியலப்பா."

"அப்ப நேத்து மத்தியானம், அனுப்புனதுக்கு அப்புறமா எங்கிட்டக் கேட்ட?"

"அனுப்பிட்டேன்பா. அனுப்புனதும் ரொம்பப் பயமா இருந்துச்சு. நீங்க சொல்லிருன்னு சொன்னா கொஞ்சம் தெம்பா இருக்கும்னு நெனச்சேன்" என்றாய். உடனே, "பரவால்லப்பா, நீங்க சாப்டீங்களா?" என்றாய். அதற்குள் சிக்னல் போய்விட்டது.

ஆக, நீ என்னிடம் யோசனை கேட்க வரவில்லை. செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, நடுக்கத்தோடு, பிடித்துக்கொள்ள ஒரு கை தேடி வந்திருக்கிறாய். நான் என் நடுக்கத்தையும் சேர்த்து உன் கையில் கொடுத்து ரயிலேற்றிவிட்டேன். மகள் தன் பேச்சைக் கேட்காததற்காக எந்த அப்பனும் இவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டான். இவ்வளவு வெட்கப்பட்டிருக்கவும் மாட்டான்.

மேலே எழுதியதைக் கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன். வேண்டாம், அப்படியே படமெடுத்து அனுப்புகிறேன். உனக்குத் தேவைப்பட்டபோது சொல்லாத வார்த்தை, தேவையில்லாதபோதாவது வந்து சேரட்டும். நாளைக்கு அந்த அறையில் உன்னை என்ன கேட்பார்களோ, எப்படிப் பேசுவார்களோ என்று இப்போதே எனக்குப் பதைக்கிறது. உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. பக்கத்து அறையில் சேலைகளுக்குப் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். எல்லாவற்றையும் அவளிடம் சொல்ல வேண்டும்.

ஆனால் வேலை போவது, கல்யாணத்தில் பேச்சு வருவது, இதெல்லாம் இப்போது இரண்டாம் பயம்தான். ரயில் சத்தத்துக்கு நடுவில் நீ "பரவால்லப்பா" என்றாயே, அதுதான் என்னை உலுக்குகிறது. இனிமேல் ஏதாவது ஒன்று உன்னைப் போட்டு ஆட்டும்போது, அப்பாவிடம் கேட்க வேண்டாம், அவர் பயந்துவிடுவார் என்று நீயே முடிவு செய்துவிடுவாயோ என்று இருக்கிறது. அப்படிச் செய்துவிடாதே. கேள். நான் பயந்துபோய் முதலில் ஏதாவது உளறத்தான் செய்வேன். டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடாதே. அங்கேயே உட்கார்ந்து, இன்னொரு தடவை கேள், தாயி.

அப்பா